வாரண்டியில் மாற்றித் தந்த போனும் பழுதானால்: பில் முதல் நுகர்வோர் ஆணையம் வரை

மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு நான் வாங்கியது ஒரு போன். பத்து மாதத்தில் அந்த ஒரு பில்லுக்கு மூன்று போன்கள் கைக்கு வந்து போயின. முதல் போன், பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் அறுந்து தானாக அணைந்து எழும். அதற்குப் பதிலாக வந்ததில் மைக் வேலை செய்யவில்லை. அதற்கும் பதிலாக வந்த மூன்றாவதில் டிஸ்ப்ளேயின் நட்டநடுவே பச்சைக் கோடு. திருநகரிலிருந்து சர்வீஸ் சென்டருக்கு ஏழு முறை அலைந்தேன். முதல் நான்கு நடை வீண். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் திரும்பி வந்ததுதான் காரணம். ஐந்தாவது நடையிலிருந்து ஒவ்வொன்றையும் எழுதி வாங்கினேன். காரியம் நகர ஆரம்பித்தது. கடைசியில் பணமே திரும்பி வந்தது.

கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்த கம்பெனி போனாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

வாங்கும் அன்றே செய்ய வேண்டியது

நம்மூர்க் கடைகளில் சிலர் “எஸ்டிமேட்” என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஜிஎஸ்டி இல்லாமல் ஐந்நூறு, ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த ஆயிரத்துக்கு ஆசைப்பட்டால் பின்னால் வாரண்டிக்கு ஆதாரம் இருக்காது. ஜிஎஸ்டி எண்ணும், தேதியும், போனின் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) உள்ள பில்தான் வேண்டும். பில் தர மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை.

போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள். திரையில் வருவதும், பெட்டியில் ஒட்டியிருப்பதும், பில்லில் எழுதியிருப்பதும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

பில்லை உடனே போட்டோ எடுத்து உங்களுக்கே மெயிலில் அனுப்பிக்கொள்ளுங்கள். கடை பில் பெரும்பாலும் தெர்மல் காகிதம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் ஒரு வாரம் கிடந்தால் எழுத்து இருந்த இடம் தெரியாது. போன் வந்த பெட்டியையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டு வையுங்கள்.

போனுக்குப் பொதுவாக ஓராண்டு வாரண்டி. பெட்டியோடு வரும் சார்ஜர், கேபிள் போன்றவற்றுக்குப் பல கம்பெனிகளில் ஆறு மாதம்தான். கடையில் கூடுதலாக 1,500, 2,000 வாங்கிக்கொண்டு எழுதித் தரும் “டேமேஜ் பிளான்” பல நேரம் போன் கம்பெனியுடையதே அல்ல, வேறொரு நிறுவனத்தின் காப்பீடு. பழுது வந்தபின் இரண்டு தரப்பும் நம்மை மாற்றி மாற்றிக் கைகாட்டும். எது யாருடையது என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்திலேயே பழுதானால்

இந்த நாட்கள் தங்கம் மாதிரி. வந்த நிலையிலேயே பழுதான போனை “டிஓஏ” என்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி நாள் கணக்கு மாறும். ஏழு, பத்து, பதினான்கு நாள் என்று இருக்கும். அதற்குள் சர்வீஸ் சென்டரில் காட்டி டிஓஏ சான்று வாங்கிவிட்டால், சீல் உடைக்காத புதுப் போனைக் கடையே மாற்றித் தரும்.

இந்த நாட்களுக்குள் பழுதுபார்க்கச் சம்மதிக்காதீர்கள். “ஒரு அப்டேட் போட்டா சரியாயிரும் சார், ரெண்டு நாள் பாருங்க” என்பார்கள். இரண்டு நாள் நாலு நாளாகும், நாலு எட்டாகும், டிஓஏ கெடுவும் தாண்டிவிடும். எனக்கு நடந்தது அதுவேதான் என்று சொல்ல முடியாது. என் போனில் பழுது மூன்றாவது வாரம்தான் தலைகாட்டியது. ஆனால் அதே கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற உசிலம்பட்டித் தம்பி ஒருவர் அப்படித்தான் பதினாறாவது நாள் வந்து நின்றார்.

கடைக்காரர், “நாங்க வித்ததோட சரிண்ணே, இனி எல்லாம் சர்வீஸ் சென்டர்தான்” என்பார். முழுக்க அப்படி இல்லை. பில்லில் எழுதியுள்ள காலத்துக்குள், பில்லில் காலமே எழுதாதபோது 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதையும் அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற நடைமுறையில்தான் சேர்த்திருக்கிறது. இதைச் சண்டைக் குரலில் சொல்லத் தேவையில்லை. சொல்லத் தெரிந்தவர் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

ஆன்லைனில் வாங்கியவர்கள், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து, ரிட்டர்ன் கெடு முடியுமுன் ஆப்பில் புகாரைப் பதிந்துவிடுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

பழுது போனிலா, வேறெங்குமா?

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே கொஞ்சம் சோதியுங்கள். சிக்னல் பிரச்சினை என்றால் சிம்மை இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லையா, வேறு சார்ஜர், வேறு கேபிள். தானாக அணைகிறது, தொங்குகிறது என்றால் சேஃப் மோடில் ஒருநாள் ஓட்டுங்கள். அதில் நாம் இறக்கிய ஆப்கள் இயங்காது. அப்போதும் பழுது வந்தால் ஆப் மேல் பழிபோட முடியாது.

சூடாவது மட்டும் தனிக்கதை. மே மாதப் பகலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் எந்த போனும் சுடத்தான் செய்யும். கவரைக் கழற்றி, விடியற்காலையில், சார்ஜ் போடாமல் பயன்படுத்திப் பாருங்கள். அப்போதும் கை வைக்க முடியாமல் சுட்டால் அது பழுது. பேட்டரி உப்பிப் பின்மூடி விலகியிருந்தால் சோதனையெல்லாம் வேண்டாம். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், நேரே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மீனாட்சி பஜாரில் தெரிந்த பையனிடம் கொடுத்துப் பிரித்துப் பார்ப்பது. அங்கே கைத்திறன் உள்ளவர்கள் ஏராளம், வாரண்டி முடிந்த போனுக்கு நானே அங்கேதான் போவேன். ஆனால் வாரண்டி உள்ள போனை வெளியாள் திறந்த அடையாளம் தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும்.

வீடியோவும் ஒரு நோட்டும்

டாக்டரைப் பார்த்ததும் வயிற்றுவலி நின்றுபோவது மாதிரி, சர்வீஸ் சென்டர் கவுன்டரில் வைத்தால் போன் சமத்தாகிவிடும். என் முதல் இரண்டு நடை அப்படித்தான் போயின. “செக் பண்ணிட்டோம் சார், ப்ராப்ளம் எதுவும் வரல.”

அதற்கு மருந்து வீடியோ. வீட்டிலுள்ள இன்னொரு போனால் எடுங்கள். முதலில் *#06# அழுத்தி ஐஎம்இஐ திரையில் தெரியட்டும். நிறுத்தாமல் அதே வீடியோவில் பழுதும் வரட்டும். “இது வேற போன் சார்” என்று சொல்ல இடமில்லாமல் போகும். கூடவே ஒரு பழைய நோட்டில் தேதி, நேரம், என்ன ஆனது என்று ஒவ்வொரு வரி எழுதி வையுங்கள். என் நோட்டில் 19 நாட்களில் 31 முறை போன் அணைந்த கணக்கு இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் டெக்னீஷியனைக் கூப்பிட்டார்.

கொடுப்பதற்கு முன்

உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துதான் திரும்பி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ, தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். வங்கி ஆப், யுபிஐ ஆப் ஆகியவற்றிலிருந்து வெளியேறுங்கள். ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் அதை முதலில் வேறு போனுக்கு மாற்றுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, பேக்டரி ரீசெட். திரையே வராமல் செத்த போனாக இருந்தால், கணினியிலிருந்து அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்.

ஸ்கிரீன் லாக் எண்ணைக் கேட்டால் தர வேண்டாம். ரீசெட் செய்த போனுக்கு அது தேவையும் இல்லை.

கவுன்டரில் நீட்டுவதற்கு முன் போனின் நான்கு பக்கத்தையும், சார்ஜ் துளையையும், சிம் தட்டின் உட்புறத்தையும் போட்டோ எடுங்கள். சிம் துளைக்குள் டார்ச் அடித்தால் பல மாடல்களில் சின்ன வெள்ளைப் பொட்டு தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவக்கும். வெள்ளையாகக் கொடுத்ததற்கு உங்களிடம் சான்று இருக்கட்டும்.

ஜாப் ஷீட்: எல்லாமே இதில்தான்

போனை வாங்கிக்கொண்டதும் அவர்கள் தரும் தாள்தான் ஜாப் ஷீட். சிலர் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்புவார்கள், அதுவும் சரி. “இங்கேயே பத்து நிமிஷத்துல பார்த்துத் தர்றேன், ஷீட் எதுக்கு சார்?” என்று கேட்டால் இளகிவிடாதீர்கள். ஷீட் போடாத நடை, கணக்கில் வராத நடை. நான் அலைந்த முதல் நான்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை! கஸ்டமர் கேர் பெண், “நீங்கள் ஒரு தடவைகூட சர்வீசுக்குக் கொடுக்கவில்லையே” என்றபோதுதான் எனக்கு உறைத்தது.

கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படியுங்கள். பழுது எப்படி எழுதப்பட்டிருக்கிறது? “ஹேங்” என்று ஒரே சொல்லில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்: “பேசும்போது நெட்வொர்க் போய் போன் தானாக அணைகிறது, நாளுக்கு ஒரு முறையாவது, இது மூன்றாவது புகார்.” ஐஎம்இஐ சரியா? வாரண்டிக்குள் என்று இருக்கிறதா? போனின் நிலை என்ற இடத்தில் “கீறல்கள்”, “வளைவு” என்று வழக்கமாகவே டிக் அடித்து வைப்பார்கள். உண்மை இல்லையென்றால் அந்த டிக்கை நீக்கச் சொல்லுங்கள். திரும்பத் தரும் தேதி இருக்க வேண்டும்.

போனைத் திரும்ப வாங்கும்போது இன்னொரு தாள் உண்டு. என்ன செய்தார்கள், எந்த பாகத்தை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். “பழுது காணப்படவில்லை” என்று எழுதியிருந்தாலும் வாங்கி வையுங்கள். அப்படி மூன்று தாள் சேர்ந்தால், பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

சில நேரம் பேச்சு வேறு பக்கம் திரும்பும். “உள்ள தண்ணி போயிருக்கு சார், கஸ்டமர் டேமேஜ், ஒன்பதாயிரம் ஆகும்.” பதற்றத்தில் பணம் கட்டிவிடாதீர்கள். பணம் கட்டினால் உங்கள் தவறென்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். திறந்த போனின் போட்டோவையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் “வாடிக்கையாளர் இந்த முடிவை ஏற்கவில்லை” என்று உங்கள் கையால் எழுதி, பழுதுபார்க்காத போனைத் திரும்ப வாங்குங்கள். ஐபி68, அதாவது தூசியும் தண்ணீரும் தாங்கும் என்ற குறியீட்டோடு விளம்பரம் செய்த போனாக இருந்தாலும், தண்ணீரால் வரும் பழுதைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதில்லை. அந்த எழுத்தை நம்பி குற்றாலத்தில் அருவிக்குள் போனோடு நின்றுவிடாதீர்கள்.

மாற்றித் தருகிறோம் என்றால்

“ரீப்ளேஸ்மென்ட்” என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருக்கும். மதர்போர்டை மட்டும் மாற்றுவது ஒன்று. பழுதுபார்த்துப் புதுப்பித்த, அதாவது ரீபர்பிஷ்டு போனைத் தருவது இன்னொன்று. புத்தம் புதிய போன் தருவது மூன்றாவது, அரிது. பல கம்பெனிகளின் வாரண்டித் தாளிலேயே புதுப்பித்ததைத் தரும் உரிமை பொடி எழுத்தில் இருக்கும். எதைத் தருகிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

மதர்போர்டு மாறினாலும் போன் மாறினாலும் ஐஎம்இஐ பெரும்பாலும் மாறிவிடும். உங்கள் பில்லில் பழைய எண், கையில் புதிய எண். அடுத்த முறை போனால், “இந்தப் பில் இந்தப் போனுக்கு இல்லையே” என்பார்கள். எனவே பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் என்று இரண்டும் உள்ள தாள், சர்வீஸ் சென்டர் முத்திரையோடு வேண்டும். அந்த எண்ணைக் கூடுதல் காப்பீடு எடுத்த நிறுவனத்துக்கும் மெயிலில் தெரிவியுங்கள். இல்லையென்றால் நாளை திரை உடைந்தால் அந்தக் காப்பீடு பழைய எண்ணுக்குத்தான் பேசும்.

புதிய எண் சுத்தமானதா என்றும் பாருங்கள். KYM என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்க எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் அந்தப் போனைத் தொடாதீர்கள்.

வாரண்டி புதிதாக ஓராண்டு தொடங்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. பெரும்பாலான கம்பெனிகளில் பழைய போனுக்கு மிச்சமிருந்த காலம்தான். சில கம்பெனிகள் குறைந்தது மூன்று மாதமாவது தருகின்றன. முடியும் தேதி அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

கவுன்டரை விட்டு நகராமல் இருபது நிமிடம் செலவழியுங்கள். என்னுடைய இரண்டாவது போனை நான் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பழங்காநத்தம் தாண்டும்போது வீட்டுக்குப் போன் போட்டால், “ஹலோ, ஹலோ” என்று அவர்கள் மட்டும் கத்துகிறார்கள். சிம் போட்டு ஒருவருக்குப் பேசுங்கள், ஸ்பீக்கரிலும் பேசுங்கள். குரலைப் பதிந்து கேளுங்கள். முன் கேமரா, பின் கேமரா, வைஃபை, சார்ஜ், கைரேகை எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். முழுக்க வெள்ளைப் படம், முழுக்கக் கறுப்புப் படம் இரண்டையும் திரையில் வைத்துக் கோடோ புள்ளியோ தெரிகிறதா என்று கவனியுங்கள்.

மாற்றித் தந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை உலகப் பெரிய கம்பெனிக்கே பொய்த்திருக்கிறது. 2016-ல் சாம்சங், கேலக்ஸி நோட் 7 பேட்டரி தீப்பிடிக்கிறது என்று செப்டம்பரில் திரும்பப் பெற்று வேறு பேட்டரியோடு மாற்றிக் கொடுத்தது. மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்தன. அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தியது.

எப்போது போதும் என்பது

மூன்று முறை பழுதானால் பணம் தந்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. என் கணக்கு இது: ஒரே பழுது மூன்றாவது முறை வந்தாலோ, மாற்றித் தந்த போனிலும் பழுது வந்தாலோ, இனிமேல் போன் வேண்டாம், பணம்தான் என்று எழுத்தில் கேட்கலாம். நான் மூன்றாவது போனையும் வாங்கியது அசட்டுத்தனம். அந்த நேரத்தில் கையில் ஒரு போன் இருந்தால் போதும் என்று இருந்தது.

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மெயில். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வாங்கிய தேதி, விலை, ஐஎம்இஐ எண்கள், ஜாப் ஷீட் எண்கள் தேதிவாரியாக, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும். கோபத்தை நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மெயிலில் ஏற்றாதீர்கள்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். இவர்கள் உத்தரவு போட முடியாது, கம்பெனியிடம் கேட்டுப் பதில் வாங்கித் தருவார்கள். ஆனால் கவுன்டரில் அசையாத காரியம் இங்கே அசைவதைப் பார்த்திருக்கிறேன். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் நோட்டீஸ். வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, நீங்களே எழுதலாம். விற்ற கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனியின் இந்தியத் தலைமை அலுவலகம் மூவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆன விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். 15 நாள் கெடு வைப்பது வழக்கம்.

ஆணையத்துக்குப் போவதென்றால்

கம்பெனி குருகிராமிலோ பெங்களூருவிலோ இருக்கிறது, நாம் எங்கே போய் வழக்குப் போடுவது என்று தயங்க வேண்டாம். 2019 சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட வழி தந்திருக்கிறது. மேலூரோ திருமங்கலமோ சோழவந்தானோ, மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். வாங்கிய விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மெயிலுக்கும் போனுக்கும் காத்திருந்தே இந்தக் கெடுவைத் தின்றுவிடாதீர்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

மனுவில் கதை, தேதிகள், கேட்கும் நிவாரணம்; பின்னால் பில், ஜாப் ஷீட்டுகள், மெயில்கள், நோட்டீஸ் ரசீது; கூடவே பிரமாணப் பத்திரம். பழுதை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, இழப்பீடு கொடு என்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் வரைதான் நீட்டிப்பு. சாதாரண வழக்கு மூன்று மாதத்தில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்கு நடக்கும்வரை பழுதான போனை விற்காமல், வேறெங்கும் திறக்காமல், அப்படியே வையுங்கள். அதுதான் முதல் சாட்சி.

என் விஷயம் ஆணையம்வரை போகவில்லை. நோட்டீஸ் போய்ப் பன்னிரண்டாவது நாள் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். முதலில் தேய்மானம் கழித்து 11,000 என்றார்கள். ஜாப் ஷீட்டுகளை வரிசையாக மெயிலில் அனுப்பினேன். அடுத்த அழைப்பில் முழுப் பில் தொகை.

பணம் தருமுன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். “தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் இருக்கும். பணம் வங்கிக்கு வராமல் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதாதீர்கள். “தொகை என் கணக்கில் வந்த பிறகே இது செல்லும்” என்ற வரியைச் சேர்க்கச் சொன்னேன், முணுமுணுத்தாலும் சேர்த்தார்கள். போனையும் பெட்டியையும் ஒப்படைத்ததற்குத் தனி ரசீது கேட்டேன். கவுன்டர் தம்பி, “பணமே வரப்போகுது, இதுக்குமா சார்?” என்றார். இதுக்கும்தான் தம்பி என்றேன். ஒன்பதாவது நாள் பணம் வந்தது. அந்த ரசீது இன்னும் நோட்டுக்குள்தான் இருக்கிறது.